பிச்சை என்கிற உன் அப்பா

உன் அம்மா இறந்த செய்தி எனக்கு வந்தபோது மணி மூன்று நாற்பது. அது என்னைப் பிடித்து வைத்திருந்த நாட்டின் மணி. நம் ஊரில் ஐந்து பத்து ஆகியிருக்கும். அந்த அறையின் கடிகாரம் இரண்டு நிமிடம் வேகமாக ஓடும், அதை முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டேன். அப்படியானால் மூன்று முப்பத்தெட்டு. மொழிபெயர்க்க வரும் அண்ணன் ஒரு ஃபேக்ஸ் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். வழக்கமாக வந்ததும் உட்காருவார், அன்றைக்கு உட்காரவில்லை. “தம்பி, உங்களுக்குப் பையன் பிறந்திருக்கான்” என்றார். நான் சிரித்தேன். அவர் தாளை மடித்தார். மீதியைச் சொல்ல அவருக்கு ஒரு நிமிடம் ஆனது. அந்த ஒரு நிமிடம் உன்னால் வந்த சந்தோஷம் முழுசாக என்னிடம் இருந்தது. அதை மட்டும் நீ தெரிந்து வைத்துக்கொள்.

இப்போது உனக்குப் பதினோரு மாதம். விருதுநகரில் உன் அத்தை வீட்டில், அதாவது என் அக்கா வீட்டில் வளர்கிறாய். நான் சிவகாசியில் ஒரு அறையில் இருந்துகொண்டு பிரஸ்களில் ஆப்செட் மிஷின்களின் எலக்ட்ரிக் போர்டுகளைப் பழுது பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பஸ் ஏறி உன்னைப் பார்க்க வருகிறேன். உனக்கு இருபது வயது தாண்டிய பிறகு கொடுக்கத்தான் இதை எழுதுகிறேன். அதற்குள் நாலு பேர் நாலு விதமாக உன்னிடம் சொல்லியிருப்பார்கள். உன் அம்மா போலீசுக்கு எதையோ எழுதிக் கொடுத்ததால்தான் உன் அப்பா வெளிநாட்டில் மாட்டிக்கொண்டான், அந்தக் கவலையிலேயே அவளும் போய்விட்டாள் என்பார்கள். நம் குடும்பத்தில் இன்றைக்குச் சாயங்காலம்வரை எல்லோரும் நம்பியது இதைத்தான். இன்றைக்கு என்ன நடந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் என் பெயரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எனக்கு முன்னால் என் அம்மாவுக்கு இரண்டு ஆண் பிள்ளைகள் பிறந்து, பத்து நாள்கூடத் தங்கவில்லை. நான் பிறந்ததும் என்னைக் குப்பை மேட்டில் ஒரு புரட்டுப் புரட்டி எடுத்து, சாமியிடம் கையேந்தி வாங்கிய பிள்ளை என்று பிச்சை எனக் கூப்பிட ஆரம்பித்தார்கள். பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் வேறு நல்ல பெயராக எழுதிக்கொண்டார். அந்த ரெக்கார்டு பெயரை இங்கே நான் எழுதவில்லை. இன்னும் ஏதோ ஒரு நாட்டில் ஏதோ ஒரு கம்ப்யூட்டரில் அது இருக்கலாம். டிப்ளமோ படிக்கப் போன இடத்தில் ஒரு நாள் என் அப்பா, தீப்பெட்டி ஆபீஸிலிருந்து வேலை முடிந்த அழுக்கோடு, ஹாஸ்டல் வாசலில் நின்று “ஏலே பிச்சை!” என்று மூன்று மாடிக்கும் கேட்கிற மாதிரி கூப்பிட்டார். மறுநாளிலிருந்து மெஸ்ஸில் நான் தட்டை வைத்தால் பையன்கள் அதில் சில்லறையைப் போட்டார்கள். மூன்று வருஷம் போட்டார்கள். இன்ஸ்ட்ருமென்டேஷன் படித்தவன், கருவியின் முள் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று சரியாகச் சொல்லக் கற்றவன், என் பெயரில் மட்டும் பாதியை மறைத்துவிட்டேன். கல்யாணப் பத்திரிகையில்கூடப் போடக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

உன் அம்மா ஈஸ்வரி அந்தப் பத்திரிகையை அவள் கையாலேயே டைப் செய்தாள். அவள் வேலை பார்த்த பிரஸ்ஸில் யூபிஎஸ் பழுது பார்க்கப் போய்த்தான் நான் அவளைப் பார்த்தேன். காலண்டர், பத்திரிகை, அஞ்சலி நோட்டீஸ் என்று வருவதையெல்லாம் கம்ப்யூட்டரில் அடித்து, புரூஃப் பார்ப்பாள். ஒரு பெயர் விட்டுப்போய்விட்டால் கல்யாண வீட்டில் சண்டையே வரும் என்பதால் எதையும் விடாமல் போடுவதில் அவளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. நம் பக்கத்தில் பாதிப் பேருக்கு இரண்டு பெயர். இரண்டையும் போட்டு நடுவில் ஒரு அடைப்புக்குறி, உள்ளே ஒரு ‘எ’. ‘என்கிற’ என்பதன் சுருக்கம். ரேஷன் கார்டில் இருக்கும், பத்திரத்தில் இருக்கும், சுவரில் ஒட்டுகிற போஸ்டரில் இருக்கும். யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. “உங்க பேருக்கு மட்டும் எதுக்குங்க வேண்டாங்கீக? அந்தப் பேருதான உங்கள உசுரோட வச்சிருக்கு?” என்று கேட்டாள். வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். அவள் போடவில்லை.

அவளுக்கு ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து, விஸ்வநத்தத்தில் அவள் அப்பா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு நான் விமானம் ஏறினேன். கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் ஒரு ஆலையில் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. இரண்டு வருஷ கான்ட்ராக்ட். இறங்கிய விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டைப் பார்த்த ஆள் கம்ப்யூட்டரைப் பார்த்தான், மறுபடி பாஸ்போர்ட்டைப் பார்த்தான், என்னை ஒரு அறைக்குக் கூட்டிப்போனார்கள். அமெரிக்காவில் அந்தக் கட்டடங்கள் விழுந்து சில வருஷம் ஆகியிருந்தது. தன் நாட்டை விட்டு வேறொரு நாட்டுச் சண்டைக்கு ஆயுதம் எடுக்கப் போகிறவர்களின் பெயர்களை நாடுகள் ஒன்றுக்கொன்று கொடுத்து வைத்திருந்தன. அதில் ஒருவனுக்கு என் பெயர். நமக்கு இன்ஷியல்தானே, பரம்பரைப் பெயர் கிடையாதே. பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டு வைத்திருந்தேன். அவனுக்கும் அதே அப்பா பெயர். நம் ஜனங்களில் இந்த இரண்டு பெயரும் சேர்ந்து ஊருக்குப் பத்துப் பேருக்கு இருக்கும் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

அவர்கள் என்னை அடிக்கவில்லை. கெட்ட வார்த்தை பேசவில்லை. வேளைக்குச் சாப்பாடு வந்தது. நாளைக்கு யாராவது உன்னிடம் அந்த நாட்டைத் திட்டினால் நீ சேர்ந்து திட்டாதே. மொழிபெயர்க்க வந்த அண்ணன் கீழக்கரைப் பக்கம். முதல் நாள், உங்கள் ஊரில் என்ன தொழில் என்று கேட்டார்கள். வெடி என்றேன். அண்ணன் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “தம்பி, பட்டாசுன்னு சொல்லுங்க” என்றார். அதுவரைக்கும் எல்லோரும் சாதாரணமாகத்தான் இருந்தோம். பிறகு ஒரு படிவத்தைப் பார்த்து வரிசையாகக் கேட்டார்கள். உனக்கு வேறு பெயர் உண்டா? அந்த நேரத்தில் எனக்கு ஞாபகம் வந்தது தட்டில் விழுந்த சில்லறைச் சத்தம்தான். எதிரே சட்டை கசங்காத மூன்று அதிகாரிகள். நான் ஒரு இன்ஜினியர் மாதிரி உட்கார்ந்திருந்தேன். “இல்லை” என்றேன்.

அவர்கள் நம் நாட்டுக்கு எழுதினார்கள். டெல்லியிலிருந்து சென்னை, சென்னையிலிருந்து விருதுநகர், அங்கிருந்து மஃப்டியில் ஒரு போலீஸ்காரர் விஸ்வநத்தத்துக்கு வந்தார். நான் பிடிபட்ட ஐந்தாவது நாள் அது. ஈஸ்வரியின் அப்பா பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். நான் மாமா என்பேன், உனக்குத் தாத்தா. உன் அம்மாச்சி எப்போதோ போய்விட்டார். அன்றைக்கு வீட்டில் அவரும் மகளும்தான். நடந்ததை அவர் எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார், ஒவ்வொரு முறையும் ஒரு வார்த்தை மாறாமல்.

“வீட்டுக்காரர் பேரு என்னம்மா?” என்று கேட்டிருக்கிறார் போலீஸ்காரர். ஈஸ்வரி அப்பாவைப் பார்த்திருக்கிறாள்.

“அவ சொல்ல மாட்டா சார். நான் சொல்லுதேன், எளுதிக்கோங்க.”

“நீங்க சொன்னா ஆகாது பெரியவரே. சம்சாரத்துகிட்டக் கேக்கணும்னு மேல இருந்து வந்திருக்கு.”

“கலியாணமாகி ரெண்டு வருசமா மாப்பிள்ளைய ‘இந்தாங்க’ன்னுதான் கூப்பிடுதா. ஒங்களுக்காக மாத்துவாளா?”

“ஒரு பேப்பர் குடுங்க சார்” என்றிருக்கிறாள் ஈஸ்வரி. “எழுதித் தாரேன்.”

“வாயால சொன்னா தப்பு, எளுதுனா மட்டும் தப்பில்லையாக்கும்?”

“எழுத்துல என்ன சார் இருக்கு? பிரஸ்ல தெனம் நூறு புருசன் பேரு அடிக்கேன்.”

போலீஸ்காரர் சிரித்துவிட்டாராம். அவள் ரெக்கார்டு பெயரை எழுதி, அடைப்புக்குறிக்குள் எ போட்டு, பிச்சை என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள். “இதென்னம்மா ரெண்டு பேரு?” என்றதற்கு, “ஒண்ணு ரெக்கார்டு, ஒண்ணு வீட்ல. விட்டுப்போச்சுன்னா நாளைக்கு நீங்கதான வந்து கேப்பீக?” என்றாளாம். “அதுவுஞ் சரிதான். எனக்கும் ஒரு எ இருக்கு, வெளிய சொன்னா ஸ்டேஷன்ல ஒரு பய மதிக்க மாட்டான்” என்று சொல்லி, காப்பி குடித்து, தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போயிருக்கிறார். நல்ல மனிதர். ‘இவர் மீது புகார் எதுவும் இல்லை’ என்றுதான் எழுதியிருக்கிறார். அவர் எழுதிய அறிக்கையில் ஒரு பிழையும் கிடையாது.

அந்தத் தாள் ஊர் ஊராக ஏறி இறங்கி, ஆங்கிலத்துக்கு மாறி, ஒன்பதாவது நாள் என் முன்னால் மேஜைக்கு வந்தது. எ என்ற ஒற்றை எழுத்து வழியில் எங்கேயோ அலியாஸ் ஆகியிருந்தது. நம்மிடம் அது அம்மா கூப்பிடுகிற பெயர். அவர்களிடம் அது ஒளிந்து திரிகிறவன் வைத்துக்கொள்கிற பெயர். “தம்பி, வேற பேரு இல்லன்னு சொன்னீங்க” என்றார் அண்ணன். “உங்க நாட்டுப் போலீஸே இருக்குன்னு எழுதியிருக்கு. யாரு பொய் சொல்றதுன்னு கேக்குறாங்க.” பிச்சை என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டார்கள். கையேந்தி வாங்குவது என்று அண்ணன் தயங்கித் தயங்கிச் சொன்னார். மூவரில் வயதானவர் சட்டென்று நிமிர்ந்து எதையோ குறித்துக்கொண்டார். பிறகு அண்ணன் என்னைப் பார்க்காமல் கேட்டார்: “யாருக்காக வசூல் பண்றீங்கன்னு கேக்குறாங்க தம்பி.”

அன்றைக்கு என்மீது இரக்கப்பட்டு மூன்று நிமிடம் வீட்டுக்குப் பேச அனுமதித்தார்கள். இனி எழுதப்போவதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஈஸ்வரிதான் எடுத்தாள். “ஏங்க, நல்லா இருக்கீகளா? சாப்பிட்டீகளா?” என்றாள். நீ வயிற்றுக்குள் அந்த வாரம் எப்படி உதைத்தாய் என்று சொல்ல ஆரம்பித்தாள். நான் கேட்கவில்லை. “போலீஸ்ட்ட என்னத்த எழுதிக் குடுத்த?” என்றேன். “உங்க பேரைத்தான்” என்றாள். “பிச்சைன்னு உன்ன யாரு எழுதச் சொன்னா? அறிவு இருக்கா உனக்கு? உன்னாலதான்டீ நான் இங்க கெடக்கேன்.” பிறகு, புரூஃப் திரும்பி வந்தால் கேட்பாளே, அதே குரலில் கேட்டாள்: “தப்பா எழுதிட்டனாங்க?”

நான் போனை அண்ணனிடம் கொடுத்துவிட்டேன். சுவரில் கடிகாரம் இருந்ததே. இன்னும் ஒரு நிமிடத்துக்கு மேல் மிச்சம் இருந்தது.

அவள் தப்பாக எழுதவில்லை. இந்தக் கடிதத்தில் நீ ஒரே ஒரு வரியைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியும் என்றால் அது இதுவாக இருக்கட்டும். அவள் உள்ளதை எழுதினாள், நான்தான் இல்லை என்றேன். பின்னால் அண்ணனே எனக்கு விளக்கிச் சொன்னார். வீட்டில் கூப்பிடுகிற பெயர் ஒன்று இருக்கிறது என்று முதல் நாளே நான் சொல்லியிருந்தால், நம் ஊர் அறிக்கை வந்த அன்றே இரண்டும் பொருந்தியிருக்கும், பத்தாவது நாள் என்னை அனுப்பியிருப்பார்கள். பொருந்தாததால் பட்டியலில் அந்தப் பெயரைச் சேர்த்த நாட்டையே கேட்க வேண்டியதாயிற்று. அங்கிருந்து அவனுடைய கைரேகை வர வேண்டும். அவர்கள் இன்னொரு நாட்டிடம் வாங்க வேண்டும். ஒரு நாட்டுக்கு வெள்ளிக்கிழமை லீவு, இன்னொன்றுக்கு ஞாயிறு. என் விரல்கள் பத்தும் முதல் நாளிலிருந்து அந்த மேஜைமேல்தான் இருந்தன. நாலு நாடும் பெயர்களைத்தான் மாற்றி மாற்றி அனுப்பிக்கொண்டிருந்தன. பெயர் நாட்டுக்கு நாடு தாண்டும்போது தேய்ந்துபோகும், விரல் தேயாது. ஒரு டெக்னீஷியனாக எனக்குத் தோன்றுவது அவ்வளவுதான்.

அவர்களைத் தப்பு சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பெயர்க்காரன் நிஜமாகவே இருந்தான். விடுதலையான அன்று வயதான அதிகாரி, அவனால் ஒரு பஸ் என்ன ஆனது என்று சொன்னார். “உன்னை அவசரப்பட்டு விட்டு, நீ அவனாக இருந்திருந்தால், இன்னொரு பஸ்ஸுக்கு நான் பதில் சொல்ல வேண்டும்” என்றார். பிறகு என் பாஸ்போர்ட்டை இரண்டு கையாலும் கொடுத்தார். அது இருபத்தேழாவது நாள். நீ குறைமாதத்தில் பிறந்தது இருபத்துமூன்றாவது நாள் காலையில். நாலு மணி நேரம் உன்னைப் பக்கத்தில் போட்டு வைத்திருந்தாளாம். நான் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. டாக்டரிடம் போய், கவலையால்தான் பிரசவத்தில் பிரஷர் கூடியதா என்று கேட்டேன். முன்பே கொஞ்சம் இருந்தது, இதனால் என்று சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது என்றார். என் கத்தல்தான் அவளைக் கொன்றது என்று எழுதினால் பொய்யாகும். இல்லவே இல்லை என்றாலும் பொய். அந்த முள் நடுவிலேயே நிற்கிறது. நான் தினமும் பார்க்கிறேன், அசையவில்லை.

அழுகை வரவில்லை. வேலைக்குப் போகிறேன். சீசனில் பகல் முழுக்க மிஷினுக்கு அடியிலேயே கிடப்பதால் யாரும் எதுவும் கேட்பதில்லை. வீட்டில் அவள் எழுதிக் கொடுத்த கதை தானாகவே வளர்ந்துவிட்டது. ஈஸ்வரியே உன் அத்தையிடம், “நான் எழுதிக் குடுத்ததுனாலதான் மதினி அவுகளப் பிடிச்சு வச்சிருக்காக” என்று சொல்லி அழுதாளாம். அது அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பதினோரு மாதமாக அந்தப் பழியை இறந்தவள் தலையில் வைத்துவிட்டு, நான் பஸ் ஏறி வருவதும் போவதுமாக இருந்தேன்.

இன்றைக்கு ஞாயிறு. மாமாவும் உன்னைப் பார்க்க வந்திருந்தார். அடுத்த மாதம் ஈஸ்வரிக்கு முதல் வருஷம். அவள் வேலை பார்த்த பிரஸ்ஸில் அவளோடு இருந்த பெண்களே நினைவஞ்சலி நோட்டீஸ் அடித்து, புரூஃபை மாமாவிடம் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். கீழே கணவர் என்ற இடத்தில் என் ரெக்கார்டு பெயர். பக்கத்தில் பென்சிலில் ‘(எ) போடவா?’ என்று ஒரு கேள்வி. அக்கா எட்டிப் பார்த்தாள்.

“அந்த எளவெடுத்த எழுத்த மொதல்ல அழிக்கச் சொல்லுங்க மாமா. ஒருக்கா எழுதித்தான் எந்தம்பி அம்புட்டு நாளு அங்கன கெடந்தான்.”

மாமா உன்னை மடியில் வைத்திருந்தார். நீ அவர் கண்ணாடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாய். “ஆமா தாயி” என்றார். “எம்புள்ளைக்கு அம்புட்டுத்தான் வெவரம். தாயில்லாம வளந்தவ, நாந்தான் சொல்லிக் குடுக்கல.” சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். மன்னிப்புக் கேட்கிற பார்வை. மகளைப் பறிகொடுத்தவர், அவள் சார்பில் என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். அப்போதே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, புரூஃபை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

உனக்கு அறிவுரை சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது? இருந்தாலும் அப்பன் ஆயிற்றே. உன்னிடம் யாராவது பெயர் கேட்டால் முழுதாகச் சொல். வெட்கமாக இருந்தால் வெட்கத்தோடு சொல். உன் மனைவியிடம் கோபப்பட நேர்ந்தால் படு, ஆனால் போனை உன் கையால் வைக்காதே, அவள் வைக்கட்டும். வீட்டில் யாராவது, என்னால்தான் எல்லாம் என்று அழுதால், அப்படி உனக்குச் சொன்னது யார் என்று கேள். எங்கள் வீட்டில் அந்த ஒரு கேள்வியை யாராவது கேட்டிருக்கலாம்.

அறைக்கு வந்து புரூஃபில் பென்சில் கேள்விக்குப் பக்கத்தில் ‘போடவும்’ என்று எழுதினேன். வெயில் தாழ்ந்த பிறகு மாமாவுக்கு போன் போட்டேன். முதல் நாள் நான் இல்லை என்று சொன்னதைச் சொன்னேன். ஒன்பதாவது நாள் அவளிடம் என்ன பேசினேன் என்பதை ஒரு வார்த்தை விடாமல், அந்த ‘டீ’யையும் சேர்த்துச் சொன்னேன்.

“அன்னைக்கு நீங்க பேசி முடிச்சதும் அவ எங்கிட்ட வந்தா மாப்பிள்ள” என்றார். “சிரிச்சுக்கிட்டேதான் வந்தா. ‘அவுக நல்லா இருக்காகளாம்ப்பா. நான் சாப்பிட்டனான்னு கேட்டாக, புள்ள உதைக்குதான்னு கேட்டாக’ன்னா. ஒருவாட்டி இல்ல, ராத்திரி வரைக்கும் நாலுவாட்டி சொன்னா.” கடைசியாக, “நான் நம்பிட்டேன்” என்றார். அப்புறம் வைத்துவிட்டார்.

பத்து நிமிடம் கழித்து அவர் நம்பர் வந்தது. அடித்து ஓய்ந்தது. மறுபடி வந்தது. இதை எழுத உட்கார்ந்த பிறகும் மூன்று முறை வந்துவிட்டது. திட்டுவதற்காகக் கூப்பிடவில்லை என்று எனக்குத் தெரியும். அவருக்குத் திட்ட வராது. எடுத்தால், “சரி விடுங்க மாப்பிள்ள, சாப்பிட்டீகளா?” என்றுதான் கேட்பார். அதோடு எல்லாம் சரியாகிவிடும். அப்படிச் சரியாகிவிடக் கூடாது என்று இருக்கிறது, இன்றைக்கு ஒரு நாளாவது. அதனால் போனை அணைத்துவிட்டேன்.